மூன்று பவுண்டு வரியும் மூன்று பவுன் தாலியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புனேயில் விடாத மழை. பஜ்ஜி போடலாமா என்று வீட்டில் ஒரு முக்கியமான ஆலோசனை நடந்துகொண்டிருந்தபோது மயிலாடுதுறையிலிருந்து அக்காவின் போன்.

"ஏன்டா, ஊரைக் கூட்டி, ஐயர் வச்சு, மூணு பவுன்ல தாலி செஞ்சு கல்யாணம் பண்ணிக் கொடுத்தோம். இப்ப அவ என்னமோ பேங்க் ஸ்டேட்மென்ட் கேக்கறாங்கங்கறா. புருஷன் பொண்டாட்டிங்கறதுக்கு பேங்க்காரன் சாட்சியா?"

பேங்க்காரன் நான்தான். இருபது வருடத்துக்கு மேலாக அந்த வேலைதான். அதனால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

விஷயம் இதுதான். அக்கா மகள் மெல்போர்னில் தற்காலிக வேலை விசாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை அங்கேயே குடியுரிமை பெற்ற யாழ்ப்பாணத்துப் பையன். கல்யாணம் முடிந்து இப்போது வேலை விசாவிலிருந்து துணைவர் விசாவுக்கு மாற விண்ணப்பம் போடுகிறாள். அந்த நாட்டுக் குடிவரவுத் துறை நான்கு கோணங்களில் ஆதாரம் பார்க்கிறது. பணம் காசை எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள், வீட்டை எப்படி நடத்துகிறீர்கள், உற்றார் உறவினர் உங்களைத் தம்பதியாக அறிவார்களா, நீடித்து வாழும் எண்ணம் இருக்கிறதா. கூட்டுக் கணக்கின் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், கல்யாண போட்டோ, உறவினர் கடிதம் எல்லாம் இதற்காகத்தான்.

"அம்மாக்கு நீங்கதான் மாமா புரிய வைக்கணும்" என்று அவள் வாட்ஸ்அப்பில் அழுகிற பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தாள்.

அக்காவுக்குப் புரிய வைக்க நான் சொன்ன கதைதான் இந்தப் பதிவு. நம்மூர்க் கதை, பாதி தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அதில் புனேக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முதலில் அந்தக் காலத்து 'தற்காலிக வேலை விசா'வைப் பார்த்துவிடுவோம்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பியது. நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்கள். 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் அப்படிப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி, பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். முதலாளியை மாற்ற முடியாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. 'அக்ரிமென்ட்' என்ற சொல் வட இந்தியத் தொழிலாளர் வாயில் 'கிர்மிட்' ஆகிப்போனது. இன்றைக்கு வேலை போனால் விசாவும் போய்விடுமே என்று பயப்படும் நம் பிள்ளைகளின் நிலைமையை இதோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் ஒரு முதலாளியின் பெயரோடு தங்கும் உரிமையை முடிச்சுப் போடும் வித்தை பழசு என்பது மட்டும் தெரிகிறது.

ஐந்து வருடம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டார்கள், கூடையில் சுமந்து விற்றார்கள், சின்னக் கடை போட்டார்கள். வெள்ளைக்கார வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை. கூலி வேண்டும், ஆனால் குடியிருப்பவன் வேண்டாம். எனவே 1895-ல் ஒரு சட்டம். ஒப்பந்தம் முடிந்தவன் மறுபடி ஒப்பந்தம் போடு, அல்லது ஊருக்குப் போ, இரண்டும் முடியாதென்றால் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்டு. (முதலில் நேட்டால் கேட்டது 25 பவுண்டு. இந்திய அரசு பேரம் பேசி 3 ஆக்கியது.)

வணிகவியல் படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் என்றால் வருடத்துக்கு 120 ஷில்லிங், அதாவது 6 பவுண்டு. ஆக மூன்று பவுண்டு என்பது முதல் வருடக் கூலியில் சரிபாதி. இந்த வரி ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதிலும் பெண் பிள்ளைகளுக்கு 13 வயதிலும் தொடங்கிவிடும். அப்பா, அம்மா, வயது வந்த ஒரு பையன், ஒரு பெண் என்று நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு வருடம் 12 பவுண்டு. ஒப்பந்தக் கூலி ஐந்தாம் வருடம்கூட 14 ஷில்லிங்தான். பன்னிரண்டு மாதத்துக்கு 168 ஷில்லிங், எட்டு பவுண்டு சொச்சம். வரவு எட்டு, வரி பன்னிரண்டு. எந்த பேங்க் மேனேஜரும் இந்தக் குடும்பத்துக்குக் கடன் கொடுக்க மாட்டார்.

இங்கேதான் புனே வருகிறது.

கோபால கிருஷ்ண கோகலே புனேக்காரர் என்றே இங்கே எல்லோரும் சொல்வார்கள். பெர்க்யூசன் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1905-ல் இந்திய ஊழியர் சங்கத்தை இங்கே தொடங்கினார். பெர்க்யூசன் கல்லூரிச் சாலையில் காபி குடிக்கப் போகும் நம் ஐடி பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தச் சாலைக்கும் தில்லையாடிக்கும் உள்ள தொடர்பு தெரியும் என்று தெரியவில்லை. எனக்கே இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கோகலே 1910-லிலேயே நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று இம்பீரியல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1911-ல் அது நின்றது. 1912 அக்டோபரில் அவரே தென்னாப்பிரிக்கா போனார். நீரிழிவு நோயாளி. உடம்பு முடியாத நிலையில் ஊர் ஊராகச் சுற்றினார். நவம்பரில் பிரிட்டோரியாவில் அமைச்சர்கள் போத்தாவையும் ஸ்மட்ஸையும் சந்தித்துவிட்டு வந்து, மூன்று பவுண்டு வரியை எடுத்துவிடுவார்கள் என்று காந்தியிடம் சொன்னார். காந்திக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அடுத்த வருடமே, அப்படி வாக்கு எதுவும் தரவில்லை என்று ஸ்மட்ஸ் கைவிரித்துவிட்டார். (எழுத்தில் வாங்காத வாக்கு! எங்கள் பேங்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.)

வரி ஒரு பக்கம் என்றால், 1913 மார்ச் 14 அன்று இன்னொரு இடி விழுந்தது.

போர்ட் எலிசபெத்தில் வாழ்ந்த ஹசன் ஏசோப் என்பவர் ஊருக்கு வந்து பாய் மரியம் என்ற பெண்ணை முஸ்லிம் முறைப்படி மணந்து அழைத்துப் போனார். கேப் டவுனில் அந்த அம்மாவை இறங்க விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் கேப் பிரிவுக்குப் போனது. நீதிபதி மால்கம் சேர்ல் சொன்ன தீர்ப்பின் சாரம் இதுதான். ஒரு ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்க இடம் தரும் மத முறைப்படி நடந்த கல்யாணம் இந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் அல்ல. அவர் உண்மையில் ஒரே மனைவியோடு வாழ்கிறாரா என்பது கேள்வியே இல்லை.

இது சேர்ல் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1866-ல் இங்கிலாந்தில் ஹைட் என்பவர் வழக்கில், மார்மன் மதக் கல்யாணத்தைப் பற்றி இதே வழியில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் அதன் விளைவைப் பாருங்கள். இந்து, முஸ்லிம், பார்சி கல்யாணம் எல்லாமே ஒரே நாளில் ஆட்டம் கண்டது. தாலி கட்டிக்கொண்டவள் மனைவி இல்லை என்றால் பிறகு யார்? பிள்ளைகள் முறையான வாரிசா இல்லையா? அப்பா செத்தால் கடை யாருக்கு? ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவியை இனி அழைத்துக்கொள்ள முடியுமா? அன்றைக்கு ஓர் இந்தியப் பெண் அந்த நாட்டுக்குள் வருவதற்கு இருந்த முக்கியமான வழியே மனைவி என்ற உறவுதான். அதாவது இன்றைய துணைவர் விசா. அந்தக் கதவு ஒரு தீர்ப்பில் சாத்தப்பட்டது.

இதுவரை போராட்டத்தில் ஆண்கள்தான் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தின் மீதே கை வைத்த பிறகு பெண்கள் இறங்கினார்கள். 1913 செப்டம்பரில் கஸ்தூரிபா உள்ளிட்ட ஃபீனிக்ஸ் பண்ணைக் குழு நேட்டாலிலிருந்து அனுமதியில்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி மூன்று மாதக் கடுங்காவல் பெற்றது.

அடுத்து வந்தவர்கள்தான் நம்மவர்கள். ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த பதினோரு பெண்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள். தம்பி நாயுடுவின் மனைவி அதில் ஒருவர். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. முதலில் கைதாக முயன்றார்கள், போலீஸ் கண்டுகொள்ளவில்லை. சரி என்று நேராக நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே தமிழும் தெலுங்கும் பேசும் தொழிலாளிகள். மூன்று பவுண்டு வரியை எடுக்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று லைன் லைனாகப் போய்ப் பேசினார்கள். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. சில நாட்களில் அந்தப் பெண்களுக்கும் மூன்று மாதம் சிறை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கல்யாணம் செல்லாது என்ற கோபத்தில் வெளியே வந்தவர்கள், தொழிலாளியின் வரியைப் பற்றிப் பேசினார்கள். வேலை ஒப்பந்தம் வேறு, குடும்பம் வேறு என்று அரசாங்கம் தனித்தனி பைலில் வைத்திருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. கூலியாக மட்டும் வா, குடும்பமாக வராதே, வந்தாலும் தங்காதே. வரியும் தீர்ப்பும் சொன்ன செய்தி ஒன்றே.

நவம்பர் 6 அன்று காந்தி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோடு டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார். வேலைநிறுத்தம் கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. அடி, சூடு, சாவு எல்லாம் நடந்தது. புனேயில் கோகலே உடம்பைப் பாராமல் நிதி திரட்டினார். நவம்பர் 24 அன்று வைஸ்ராய் ஹார்டிஞ்சே நம் சென்னையில் பேசும்போது போராடுகிறவர்கள் பக்கம் அனுதாபம் தெரிவித்தார். லண்டனுக்கு அது பெரிய தர்மசங்கடம். தென்னாப்பிரிக்க அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது.

வள்ளியம்மை இந்த அலையில் சிறைக்குப் போன பெண். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். பூர்வீகம் தில்லையாடி. சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது பதினாறு. வருந்துகிறாயா என்று கேட்டபோது, மறுபடி சிறைக்குப் போகவும் தயார் என்று அவள் சொன்னதாகக் காந்தி எழுதியிருக்கிறார்.

எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் திருக்கடையூர் தாண்டினால் தில்லையாடி. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அந்த நினைவு மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். அப்போது எனக்கு ஞாபகம் இருந்தது புளியோதரைப் பொட்டலம் மட்டும்தான். எக்மோரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவள் பெயர். அக்கா கல்யாணப் பட்டு அங்கேதான் எடுத்தோம். அந்தப் பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இதைச் சொன்னபோது அக்கா போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகலியேடா" என்றாள்.

ஆமாம். அவளுக்கு ஆகவில்லை. அவள் போனது அம்மாக்களின் கல்யாணத்துக்காகவும், எல்லோருடைய மூன்று பவுண்டுக்காகவும்.

1914 ஜனவரியில் காந்திக்கும் ஸ்மட்ஸுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. விசாரணைக் குழுவும் வரியை எடுக்கச் சொன்னது, கல்யாணங்களை ஏற்கச் சொன்னது. அந்த வருடமே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுண்டு வரி பழைய பாக்கியோடு சேர்த்து ரத்து. இந்திய மதங்களின் புரோகிதர்களையும் கல்யாண அதிகாரிகளாக நியமிக்கலாம். ஒரே மனைவி உள்ள பழைய கல்யாணங்களைப் பதிவு செய்து செல்லுபடியாக்கிக்கொள்ளலாம். ஒரு மனைவியையும் அவளுடைய மைனர் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். 'பதிவு செய்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். தாலிக்கு மேல் ஒரு தாள் வேண்டும் என்பது அன்றைக்கே வந்துவிட்டது.

கூடவே நைசாக இன்னொரு பிரிவும் இருந்தது. ஊருக்குத் திரும்ப விரும்பினால் கப்பல் செலவு இலவசம், ஆனால் அங்கே வாழும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இலவசம் என்று வரும் எந்தத் திட்டத்திலும் கீழே சின்ன எழுத்தைப் படியுங்கள் என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது சும்மா இல்லை.

1915 பிப்ரவரி 19 அன்று கோகலே புனேயில் காலமானார். அவருக்குப் பின் சங்கத்தின் தலைவரானவர் யார் தெரியுமோ? வலங்கைமானில் பிறந்த நம் சீனிவாச சாஸ்திரி. 1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாகப் போனவரும் அவர்தான்.

கதை அதோடு சுபம் என்று முடியவில்லை. 1953-ல் நிறவெறி அரசு குடிபுகல் சட்டத்தைத் திருத்தி, இந்தியாவிலிருந்து மனைவியர் வரும் வழியை அடைத்தது. முஸ்லிம் முறைக் கல்யாணங்களைச் சட்டம் அங்கீகரிக்காமல் விட்டது அரசியலமைப்புக்கு விரோதம் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது எப்போது தெரியுமா? 2022 ஜூன் 28. சேர்ல் தீர்ப்புக்கு 109 வருடம் கழித்து.

மற்ற நாடுகளும் லேசுப்பட்டவை அல்ல. 1979-ல் லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில், மணம் முடிக்க வந்த ஓர் இந்தியப் பெண்ணின் கன்னித்தன்மையையே சோதித்தார்கள். நாட்டுக்குள் வருவதற்காகவே முக்கியமாகச் செய்துகொண்ட கல்யாணம் இல்லை என்று நிரூபி என்ற விதி பிரிட்டனில் 1997 வரை இருந்தது. இன்றைக்கு அங்கே மனைவியையோ கணவனையோ அழைக்க வருமானக் கணக்கு. 2012-ல் வருடத்துக்கு 18,600 பவுண்டு என்று இருந்தது, 2024 ஏப்ரலில் 29,000 ஆனது. மூன்று பவுண்டு எங்கேயோ போய்விட்டது!

நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட ஆயிரக்கணக்கான தம்பதிகள், 1967-ல் அண்ணா ஆட்சி சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். இங்கே புனேயில் வேலை விசாவில் வந்து இந்தியரை மணக்கும் வெளிநாட்டவரும், எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசாவுக்கு மாறக் கல்யாணச் சான்றிதழோடு விண்ணப்பம் போட வேண்டும். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வேண்டுமென்றால் பதிவான கல்யாணம் இரண்டு வருடம் நீடித்திருக்க வேண்டும்.

சரி, அக்காவுக்குக் கடைசியாக என்ன சொன்னேன்?

"அக்கா, நம்ம தாலியை யாரும் சந்தேகப்படல. அது அவங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. அவங்களுக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்துல எழுதிக் கேக்கறாங்க. கேக்கறதுக்கு ஒரு விண்ணப்பம்னு ஒண்ணு இருக்கே, அதுவே சும்மா வரல."

அக்கா மகளிடம் வேறு சொன்னேன். கூட்டுக் கணக்கு தொடங்கும்மா, ஆனால் உன் பெயரில் மட்டும் ஒரு கணக்கும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் கல்யாணச் சான்றிதழும் விண்ணப்ப நகலும் உன் கையிலும் ஒரு செட் இருக்க வேண்டும். இதுவரை உன் விசா முதலாளி கையைப் பார்த்து இருந்தது. இனி மாப்பிள்ளை கையைப் பார்த்து இருக்கும். மாப்பிள்ளை தங்கமான பையன்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நியூகாசிலுக்குப் போன அந்தப் பதினோரு பேரும் புருஷன் பின்னால் போகவில்லை, தாங்களாகப் போனார்கள். அதை மறந்துவிடாதே.

"சரி மாமா, உறவினர் கடிதம் எப்ப தருவீங்க?" என்றாள்.

அன்று மாலையே எழுதினேன். வாடிக்கையாளருக்கு எத்தனையோ சான்று எழுதியிருக்கிறேன், இவ்வளவு நேரம் எதற்கும் எடுத்ததில்லை. இன்னார் மகள் இன்னாரை இந்தத் தேதியில் இந்த மண்டபத்தில் மணந்தாள், நான் தாய்மாமன், முகூர்த்தத்தில் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியும். எழுதிக் கையெழுத்துப் போட்டபோது கொஞ்சம் கண் கலங்கியது உண்மை.

வெளியூரில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணம் ஆகி எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், பதிவு செய்யவில்லை என்றால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செய்துவிடுங்கள். அப்படியே தில்லையாடி பக்கம் போனால் அந்த மண்டபத்தில் பிள்ளைகளோடு ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போனாலும் தப்பில்லை.